சைபர்பங்க் 2077: ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்எக்ஸ் 6600 இரண்டில் எதன் படம் தெளிவு, எதன் வேகம் உண்மை?

அரசலாறு, கும்பகோணம்:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய அளவில் ஒரு கேமிங் சென்டர் நடத்தி வருகிறேன். கோடை விடுமுறை தொடங்குவதற்குள் மேலும் நான்கு கணினிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

இப்போது ஒரு கணினியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டும், பக்கத்துக் கணினியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டும் உள்ளன. மற்றபடி இரண்டும் ஒன்றே: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி நினைவகம். இரண்டிலும் சைபர்பங்க் 2077 விளையாட்டை 1080பி-யில், 'ஹை' என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறோம். திரையோரத்தில் தெரியும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள், அதாவது படங்கள், வரையப்படுகின்றன என்ற) எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் விளையாட வரும் பிள்ளைகள் 6600 இருக்கும் இருக்கைக்கே போட்டி போடுகிறார்கள். 3060-இல் இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்தது போல இருக்கின்றன என்பது அவர்களுடைய குறை. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. 6600-இல் நிறம் நன்றாக இருந்தாலும், தொலைவிலுள்ள கம்பி வேலிகளும் மின்கம்பிகளும் நடக்கும்போது மினுமினுக்கின்றன. ஆக, நிறத்துக்கு ஏஎம்டி, தெளிவுக்கு என்விடியா என்று எடுத்துக்கொள்ளலாமா? கைப்பேசியில் எடுத்த படங்களை இணைத்துள்ளேன்.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

வணக்கம் நண்பரே. விடை சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் வேண்டும். எந்தக் கணினி எந்த வகைத் திரையோடு, எந்தக் கேபிளில் இணைக்கப்பட்டிருக்கிறது? விளையாட்டின் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில், ரெசல்யூஷன் ஸ்கேலிங் பகுதியில் ஒவ்வொன்றிலும் என்ன தேர்வாகியிருக்கிறது?

இரண்டாவது கேள்வியை முக்கியமானதாகக் கருதுகிறேன். இந்த விளையாட்டில் தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நிழல், ஒளி, பிரதிபலிப்பு ஆகியவற்றோடு அப்ஸ்கேலிங்கும் சேர்ந்து இயங்கிவிடுவதுண்டு. என்விடியா கார்டில் அது டிஎல்எஸ்எஸ் ஆகவும், ஏஎம்டி கார்டில் எஃப்எஸ்ஆர் ஆகவும் அமையும். 'குவாலிட்டி' நிலையில் இரண்டுமே 1280×720 அளவில் படத்தை வரைந்து, அதை 1920×1080 அளவுக்கு உயர்த்திக் காட்டுகின்றன. முழு அளவில் 20,73,600 புள்ளிகள். உண்மையில் வரையப்படுபவை 9,21,600 மட்டுமே, அதாவது பாதிக்கும் குறைவு. மீதியை முந்தைய ஃப்ரேம்களிலிருந்தும், பொருள்கள் எத்திசையில் நகர்கின்றன என்று விளையாட்டு தரும் தகவலிலிருந்தும் திரட்டி நிரப்புகிறார்கள். டிஎல்எஸ்எஸ் இதைப் பயிற்சி பெற்ற நரம்பியல் வலையமைப்பின் துணையோடு, டென்சர் கோர் என்ற தனி அலகுகளில் செய்கிறது. 6600-இல் ஓடும் எஃப்எஸ்ஆர் மனிதர்கள் எழுதிய விதிகளைக் கொண்டு செய்கிறது. ஒரு புள்ளியின் அகலத்துக்கும் குறைவான கம்பிகள்தாம் இந்த இரண்டு வழிகளுக்கும் கடினமான சோதனை. அவற்றில்தான் வேறுபாடு முதலில் வெளிப்படும். எனவே நீங்கள் பார்த்த மினுமினுப்பு பெரும்பாலும் அப்ஸ்கேலரிலிருந்து வந்திருக்க வேண்டும், கார்டிலிருந்து அன்று.

இணைத்துள்ள படங்களை வைத்து எதுவும் சொல்ல இயலாது. கைப்பேசிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியளவையும் வெண்மைச் சமநிலையையும் தானே மாற்றிக்கொள்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த படமென்றால் அதன் நுணுக்கங்கள் மேலும் கரைந்துபோயிருக்கும்.

அரசலாறு, கும்பகோணம்:

விரைவான பதிலுக்கு நன்றி ஐயா. 3060 உள்ள கணினி 43 அங்குலத் தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கப்பட்டுள்ளது. 6600 உள்ளது 24 அங்குல மானிட்டரோடு டிஸ்ப்ளேபோர்ட்டில் உள்ளது. ஸ்கேலிங் பகுதியில் முதலாவதில் டிஎல்எஸ்எஸ் ஆட்டோ என்றும், இரண்டாவதில் எஃப்எஸ்ஆர் ஆட்டோ என்றும் இருக்கின்றன.

பாமணி, மன்னார்குடி:

சாம்பல் பூத்த இரவுக்குக் காரணம் இந்தத் தொலைக்காட்சி இணைப்பாகத்தான் இருக்கும். நிறத்துக்கு ஏஎம்டி என்ற பேச்சு பல ஆண்டுகளாக நிலைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணினி ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 0 முதல் 255 வரை எண்ணுகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பு மரபில் 16 கறுப்பு, 235 வெள்ளை. எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியோ, தொலைக்காட்சிக்குரிய தெளிவளவையோ கண்டால், என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) குறுகிய வீச்சில் அனுப்புவது உண்டு. எதிரிலுள்ள திரை அதை முழு வீச்சு என்று எடுத்துக்கொண்டால், 16 என்ற கறுப்பு அடர்சாம்பலாகத் தெரியும், வெள்ளையும் மங்கும். சைபர்பங்க் போன்ற, பாதி நேரம் இரவிலும் நியான் விளக்குகளிலும் நடக்கும் விளையாட்டில் இது படத்தின் உயிரையே எடுத்துவிடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: கார்டு முழு வீச்சில் அனுப்ப, திரை குறுகிய வீச்சை எதிர்பார்த்தால், இருண்ட பகுதியிலுள்ள நுணுக்கங்கள் எல்லாம் ஒரே கறுப்பில் அமுங்கிவிடும். அதைப் பார்க்கிறவர்கள் 'கான்ட்ராஸ்ட் பிரமாதம்' என்று பாராட்டுவதும் நடக்கிறது.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் தெளிவளவை மாற்றும் பக்கத்துக்குச் சென்று, என்விடியாவின் நிற அமைப்பைப் பயன்படுத்தும் தேர்வை அழுத்தி, அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்ற இடத்தில் 'ஃபுல்' என்று வையுங்கள். பிறகு தொலைக்காட்சியின் பட அமைப்பில் எச்டிஎம்ஐ கறுப்பு அளவையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். இரண்டு முனையும் ஒத்திருக்க வேண்டும். ஏஎம்டி மென்பொருளிலும் பிக்சல் ஃபார்மட் என்ற இடத்தில் ஆர்ஜிபி 4:4:4 முழு வீச்சு (நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் முறை) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பல தொலைக்காட்சிகள், அந்த எச்டிஎம்ஐ வாயிலுக்கு 'பிசி' என்று பெயர் சூட்டினால் மட்டுமே நிறத் தகவலை முழுமையாகக் காட்டுகின்றன. இல்லாவிட்டால் நிறத்தின் தெளிவைக் குறைத்துவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்க இந்த விளையாட்டின் மெனுவே போதும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் அல்லவா? திரைக்கு ஒரு சாண் அருகில் சென்று, அந்தச் சிவப்பு எழுத்தின் நிமிர்ந்த கோட்டைப் பாருங்கள். கோட்டின் இரு ஓரமும் கூர்மையாக முடியாமல், சிவப்பு பக்கத்துக் கறுப்பில் கசிந்திருந்தால் நிறத் தகவல் பாதியாக வருகிறது என்று பொருள். வெள்ளை எழுத்தில் இது கண்ணுக்குப் படாது. தொலைக்காட்சியின் ஷார்ப்னஸையும் அந்த வேளையிலேயே குறைத்துவிடுங்கள். கடையில் வைத்த அளவிலேயே இருந்தால் ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளை வரி ஓடும்.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

பாமணி அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இந்த வீச்சுக் குழப்பம் அதில் பதிவாகாது. ஸ்கிரீன்ஷாட் என்பது கார்டின் நினைவகத்தில் இருக்கும் படம். கேபிளில் வெளியேறும்போது நேரும் மாற்றம் அதற்குப் பிறகு நடப்பது. ஆகவே கண்ணுக்கு நிறம் வேறாகத் தெரிந்து, ஸ்கிரீன்ஷாட்டுகள் ஒன்றாக இருந்தால், குறை கேபிளிலோ திரையிலோ இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டிலேயே வேறுபாடு இருந்தால் அது டிரைவரிலோ விளையாட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வாதங்களைத் தீர்த்துவிடும். ஸ்டீமில் எடுப்பதாக இருந்தால் சுருக்கப்படாத நகலையும் சேமிக்கும் தேர்வை இயக்கிக்கொள்ளுங்கள்; இயல்பாக அது ஜேபெக் ஆகவே சேமிக்கும்.

ஓடம்போக்கி, திருவாரூர்:

எல்லாப் பழியையும் கேபிள் மேல் போட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. டிரைவர் படத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய வரலாறு இரு தரப்புக்கும் உண்டு. 2001-இல் ஏடிஐ (பின்னாளில் ஏஎம்டி வாங்கிய நிறுவனம்) ரேடியான் 8500 வந்தபோது, குவேக் 3 விளையாட்டின் இயக்கக் கோப்பின் பெயரை 'குவாக்' என்று மாற்றியவுடன் வேகம் குறைந்து படம் தெளிவானது. டிரைவர் அந்தக் கோப்பின் பெயரைக் கண்டால் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. 2003 மே மாதத்தில் 3டிமார்க் 03 என்ற கார்டு வேகச் சோதனையை வெளியிட்ட ஃபியூச்சர்மார்க் நிறுவனம், என்விடியா டிரைவர் அந்தச் சோதனையின் நிலையான கேமரா பாதையை முன்கூட்டியே அறிந்து, கேமரா பார்க்காத பகுதிகளை வரையாமல் வெட்டிவிட்டிருப்பதை வெளிப்படுத்தியது. கேமராவைப் பாதையிலிருந்து விலக்கினால் காட்சி சிதைந்து தெரிந்தது.

இப்போது அவ்வளவு வெளிப்படையாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் டிரைவரின் இயல்பு அமைப்பில் டெக்ஸ்சர் ஃபில்டரிங் (சாய்வாகவும் தொலைவிலும் தெரியும் மேற்பரப்புகளைத் தெளிவாக்கும் முறை) இன்றும் உச்சத் தரத்தில் இல்லை. என்விடியாவில் 'குவாலிட்டி' என்பது இயல்பு. அதற்கு மேல் 'ஹை குவாலிட்டி' என்று ஒன்று இருக்கிறது. ஏஎம்டியில் 'ஸ்டாண்டர்ட்' இயல்பு. அதற்கு மேல் 'ஹை' இருக்கிறது. வேகத்தை ஒப்பிடுகிறவர்கள் இவற்றை ஒரே தரத்தில் வைத்துப் பார்த்தார்களா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

வெண்ணாறு, தஞ்சாவூர்:

நியாயமான கேள்வி. இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபில்டரிங்கைத் தாமே தீர்மானிப்பதால், டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடும் சைபர்பங்கில் டிரைவரின் அந்தத் தேர்வுகளுக்கு முன்னளவு செல்வாக்கு இல்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய 2003 நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. நிலையான பாதையில் ஓடும் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. சைபர்பங்கின் உள்ளமைந்த சோதனை ஒரு மதுக்கூடத்தில் தொடங்கி வெளித்தெருவுக்கு வருகிறது. ஓரளவு இலகுவான காட்சி அது. செர்ரி பிளாசம் சந்தையின் கூட்டத்திலும், ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் பகுதியின் டாக்டவுன் வட்டாரத்திலும் நடந்து பார்த்தால் எண்கள் இறங்கும்; அங்கே செயலியும் திணறும்.

குடமுருட்டி, திருவையாறு:

வணக்கம் அண்ணா. நான் பொறியியல் மாணவன். அப்ஸ்கேலிங்கை முழுவதும் நிறுத்திவிட்டு ஒப்பிட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வருவதாகப் புரிந்துகொள்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 3060 வாங்குகிறவர் யாரும் டிஎல்எஸ்எஸ் இல்லாமல் இந்த விளையாட்டை ஆடப்போவதில்லை. அதை நிறுத்தி வைத்து அளந்தால், அந்தக் கார்டின் பலத்தைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதாகத்தானே ஆகும்? இரண்டிலும் எஃப்எஸ்ஆர் போட்டு அளந்தாலும் அதே நிலைதான். பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் அனுபவத்தை அளப்பதே சரி.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

தம்பி, இந்த இழையின் சாரமான கேள்வியை எழுப்பியிருக்கிறீர்கள். பயனரின் அனுபவத்தை அளக்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எதை நிலையாக வைத்து எதை அளக்கிறோம் என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

இரண்டு கார்டுகளிலும் ஒரே பெயருள்ள அமைப்பை வைத்துவிட்டு எஃப்பிஎஸ்ஸை ஒப்பிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் படமும் ஒன்றாக இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியும் எஃப்எஸ்ஆர் குவாலிட்டியும் உள்ளே 720 வரிகளில்தான் வரைகின்றன. ஆனால் வெளிவரும் படம் ஒன்றல்ல. இன்டெலின் அப்ஸ்கேலரான எக்ஸ்இஎஸ்எஸ்ஸின் 1.3 பதிப்பில் பெயர்களின் பொருளே மாறிவிட்டது: அதில் குவாலிட்டி என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் 1.7 மடங்கு உயர்த்துதல், அதாவது ஏறத்தாழ 1129×635 அளவில் வரைதல். பழைய 1.5 மடங்கு வேண்டுமென்றால் அல்ட்ரா குவாலிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை நம்பி அளப்பவர் குறைந்த புள்ளிகளை வரைந்த கார்டுக்கு வெற்றி மாலை போட்டுவிடுவார். பதரைத் தூற்றி நீக்காமல் நெல் மூட்டையை எடைபோடுவது போன்றது அது.

ஆகவே இரண்டு அளவீடுகள் வேண்டும். ஒன்று, அப்ஸ்கேலிங் எதுவும் இல்லாமல், விளையாட்டின் சொந்த டிஏஏ-வோடு (விளிம்புகளை மென்மையாக்கும் முறை) 1080பி-யில் ஓட்டுவது. இங்கே இரண்டு கார்டுகளும் ஒரே வேலையைச் செய்கின்றன. எனவே சிலிக்கானின் வலிமை மட்டும் தெரியும். மற்றொன்று, படத்தைச் சமமாக்கிவிட்டு ஓட்டுவது. 6600-இல் எஃப்எஸ்ஆர் குவாலிட்டியை வையுங்கள். 3060-இல் டிஎல்எஸ்எஸ்ஸைக் குவாலிட்டியிலிருந்து பேலன்ஸ்டுக்கும், அங்கிருந்து பெர்ஃபார்மன்ஸுக்கும் படிப்படியாக இறக்குங்கள். எந்தப் படியில் வேலியும் தலைமுடியும் மழை நனைந்த தரையும் 6600-இன் படத்துக்கு ஈடாகத் தெரிகின்றனவோ, அந்தப் படியில் எஃப்பிஎஸ்ஸை ஒப்பிடுங்கள். அப்போது டிஎல்எஸ்எஸ்ஸின் பலம் வேகமாகவே எண்ணில் வந்துவிடும். நீங்கள் கேட்ட நியாயம் 3060-க்குக் கிடைத்துவிடும். ஒரே அமைப்பு என்பதைவிட ஒரே படம் என்பதே நேர்மையான தராசு என்று உறுதியாக நம்புகிறேன்.

சமமா என்று பார்க்கும்போது நின்ற நிலையில் பார்க்காதீர்கள். நின்றால் எந்த அப்ஸ்கேலரும் அழகாகத் தெரியும்; சில ஃப்ரேம்களில் தகவல் திரண்டுவிடும். பக்கவாட்டில் நடந்துகொண்டே பாருங்கள். கதாபாத்திரமோ வாகனமோ விலகிய இடத்தில், அதுவரை மறைந்திருந்த சுவர் புதிதாக வெளிப்படும் அல்லவா? அந்தப் பகுதிக்கு முந்தைய ஃப்ரேம்களில் தகவல் எதுவும் இல்லை. எஃப்எஸ்ஆரில் அங்கே சில கணங்கள் புள்ளி புள்ளியாகக் கொதிப்பது போலத் தெரியும். டிஎல்எஸ்எஸ்ஸின் பழைய மாதிரியில் வேகமாக ஓடும் வாகனத்தின் பின்விளக்குக்குப் பின்னால் மெல்லிய நிழல் வால் இழுபடுவதைக் காணலாம். 2025 ஜனவரியில் வந்த விளையாட்டின் 2.21 பதிப்பில் சேர்ந்த, டிஎல்எஸ்எஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய நரம்பியல் மாதிரி இதை நன்றாகக் குறைத்தது. அந்த மாதிரி எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் இயங்கும். பழைய தலைமுறைகளில் மட்டும் சற்றுக் கூடுதலாக வேகத்தைக் கேட்கும்.

ஒப்பிடும் முன் ஃபிலிம் கிரெயின், குரோமேட்டிக் அபரேஷன், மோஷன் ப்ளர், டெப்த் ஆஃப் ஃபீல்டு ஆகிய நான்கு காட்சி விளைவுகளையும் நிறுத்திவிடுங்கள். கிரெயின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறும் பொடிப்புள்ளிகள் என்பதால், இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் கண்ணை ஏமாற்றும்.

குடமுருட்டி, திருவையாறு:

படத்தைச் சமமாக்கிவிட்டு வேகத்தை அளப்பது என்றால் ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் 'ஈடாகத் தெரிகிறது' என்பதைத் தீர்மானிப்பது ஒருவருடைய கண் அல்லவா? எண் போல அதைச் சரிபார்க்க முடியாதே.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

முடியாதுதான். அதனால் எந்த அமைப்பில் ஓடுகிறது என்பதை அறியாதவர்களைப் பார்க்க வையுங்கள். அரசலாறு அவர்களிடம் பிள்ளைகள் கூட்டம் இருக்கிறது. இரண்டு கணினிகளையும் ஒரே வகை மானிட்டரில் மாற்றி மாற்றி இணைத்து, எது எந்தக் கார்டு என்று சொல்லாமல் ஆடவிட்டால் போதும். பெட்டிக்குள்ளிருந்து தெரியும் விளக்கொளியையும் மறைத்துவிடுங்கள்.

கடுவையாறு, நாகப்பட்டினம்:

படத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. வேகத்தை அளக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. திரையோரத்தில் தெரியும் எஃப்பிஎஸ் எண் சராசரி. சராசரி நிறைய மறைக்கும். ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் 12 மில்லி நொடிக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் 292 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் அந்த நொடியின் கணக்கு 60 எஃப்பிஎஸ்தான். ஆடுகிறவருக்கோ படம் நின்று துள்ளியது போல இருக்கும். 2011-இல் டெக் ரிப்போர்ட் தளம் ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் குறை பலருக்கும் தெரியவந்தது. இன்று கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் அதை எளிதாக்கியிருக்கிறது. சராசரியைவிட, மிக மெதுவான 1 விழுக்காட்டு ஃப்ரேம்களின் அளவையே முதலில் பாருங்கள்.

இங்கே 12 ஜிபி-க்கும் 8 ஜிபி-க்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட வாய்ப்புண்டு. கார்டின் நினைவகம் நிரம்பினால் டெக்ஸ்சர்கள் கணினியின் நினைவகத்திலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டும். 6600 கார்டு அந்த வழியில் எட்டு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. பி450 மதர்போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் அந்த வழி நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. 3060-க்குப் பதினாறு லேன்கள் இருப்பதால் அதே மதர்போர்டில் இருமடங்கு. சாதாரண 1080பி-யில் இது தெரியாது. ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் முறை) இயக்கி, டெக்ஸ்சரை 'ஹை'-யில் வைத்து டாக்டவுனுக்குள் வாகனத்தில் வேகமாகப் போகும்போது தெரியலாம். டெக்ஸ்சர் தரத்தை விளையாட்டின் நடுவில் மாற்ற முடியாது, முதன்மை மெனுவுக்கு வந்துதான் மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் பக்கத்துச் சித்திரை வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கார்டு சூடேறச் சூடேற அதன் கடிகார வேகம் படிப்படியாக இறங்கும். காலையில் ஒரு கார்டையும் நண்பகலில் மற்றொன்றையும் அளந்தால் கார்டை அளந்ததாகாது, வெயிலை அளந்ததாகும். இரண்டையும் ஒரே வேளையில், கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு அளவிடுங்கள். அறுவடை முடிந்த கையோடு விசிறிகளில் வைக்கோல் தூசி அப்பியிருக்கும். அதையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அரசலாறு, கும்பகோணம்:

ஐயா அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன்.

முதலில் நிறம். டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' என்று மாற்றி, தொலைக்காட்சி வாயிலுக்கு 'பிசி' என்று பெயரிட்டவுடன் சாம்பல் போய்விட்டது. சிவப்பு எழுத்துகளின் ஓரக் கசிவும் நின்றது. பிறகு இரண்டு கணினிகளையும் ஒரே மாதிரி மானிட்டர்களில் இணைத்து, அப்ஸ்கேலிங் இல்லாமல், ஒரே சேமிப்பிலிருந்து ஒரே தெருமுனையில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நடந்துபோகும் மனிதர்களும் மேகமும் நீங்கலாக, பெரிதாக்கிப் பார்த்தும் வேறுபாடு காண முடியவில்லை. ஏஎம்டியின் நிறம், என்விடியாவின் நிறம் என்று எதுவும் இல்லை.

அப்ஸ்கேலிங் இல்லாத ஓட்டத்தில் 3060 சற்று முன்னால் நின்றாலும், ஆடுகிறவர்கள் உணரும் அளவுக்கு இடைவெளி இல்லை. படத்தைச் சமமாக்கிப் பார்த்தபோதுதான் கதை மாறியது. டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியில் டிஎல்எஸ்எஸ்ஸைப் பேலன்ஸ்டுக்கு இறக்கிய பிறகும், வேலிக்கருகே பக்கவாட்டில் நடக்கச் சொன்னால், பிள்ளைகள் எது எந்தக் கார்டு என்று தெரியாமலே அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பெர்ஃபார்மன்ஸுக்கு இறக்கியபோது கருத்து இரண்டாகப் பிரிந்தது: வேலி நன்றாக இருக்கிறது என்றும், தூரத்து விளம்பரப் பலகை எழுத்து குழைகிறது என்றும் சொன்னார்கள். ஆகவே பேலன்ஸ்டையே ஈடான படியாக எடுத்துக்கொண்டேன். அந்த நிலையில் 3060-இன் முன்னிலை ஐயமின்றித் தெரிகிறது.

ரே டிரேசிங்கை இயக்கினால் 6600 தள்ளாடுகிறது. இரண்டிலும் ரே டிரேசிங் அலகுகள் 28 என்று படித்தேன். பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு?

ஓடம்போக்கி, திருவாரூர்:

எண்ணிக்கை ஒன்றுதான், வேலைப் பங்கீடு வேறு. காட்சியிலுள்ள பொருள்களைப் பெட்டிகளுக்குள் பெட்டிகளாக அடுக்கிய ஒரு மரவமைப்பின் வழியாகத்தான் ஒவ்வொரு ஒளிக்கதிரும் தேடிச் செல்கிறது. அந்த மரத்தில் இறங்கித் தேடும் வேலையையும் என்விடியாவின் அலகே முடித்துவிடுகிறது. 6600-இன் ஆர்டிஎன்ஏ 2 வடிவமைப்பில் கதிர் பெட்டியையோ முக்கோணத்தையோ வெட்டுகிறதா என்று சோதிப்பது மட்டும் தனி அலகின் வேலை. எந்தக் கிளையில் இறங்குவது என்பதைச் சாதாரண ஷேடர்கள் தீர்மானிக்க வேண்டும். நிழலையும் ஒளியையும் கணக்கிட வேண்டிய ஷேடர்கள் இந்தத் தேடலிலும் ஈடுபடுவதால் வேகம் சரிகிறது.

பாமணி, மன்னார்குடி:

3060-க்குச் சாதகமாகவே இழை நகர்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். 3060-இன் மின் அளவு 170 வாட், 6600-இன் அளவு 132 வாட். நான்கு கணினிகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 38 வாட் வேறுபாடு மாதத்துக்கு ஏறத்தாழ 45 யூனிட் ஆகிறது. வணிக இணைப்பில் அது கவனிக்க வேண்டிய தொகை. அந்த வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்ற ஏசி எடுத்துக்கொள்வது தனி. உங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் போட்டி விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் என்றால், ரே டிரேசிங்குக்காக எல்லா இருக்கைகளிலும் 3060 வைக்க வேண்டியதில்லை.

குடமுருட்டி, திருவையாறு:

ஆர்டிஎக்ஸ் 4060 பற்றி யாரும் பேசவில்லையே? அது 115 வாட்தான். ஃப்ரேம் ஜெனரேஷனும் இருக்கிறது.

வெண்ணாறு, தஞ்சாவூர்:

நல்ல கார்டு, மின்சாரக் கணக்கில் இவை இரண்டையும்விடச் சிறந்தது. ஆனால் அதுவும் 8 ஜிபி, எட்டு லேன். இந்த பி450 மதர்போர்டுகளில் நினைவகம் நிரம்பினால் 6600-க்கு நேரும் அதே தொல்லை அதற்கும் நேரும். ஃப்ரேம் ஜெனரேஷனை எஃப்பிஎஸ் கணக்கில் சேர்க்கவே கூடாது. இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே கணித்து வரைந்த ஒன்றைச் செருகுவதால் அசைவு வழுவழுப்பாகும். மவுஸை அசைத்ததற்குப் படம் பதிலளிக்கும் வேகம் கூடாது, சற்றுக் குறையவும் செய்யும். அடிப்படை வேகம் 60-க்கு அருகில் இருந்தால் அது நல்ல துணை. 30-ஐ 60 ஆக்கிக் காட்டினால் கண்ணுக்கு 60, கைக்கு 30.

அரசலாறு, கும்பகோணம்:

கணக்கிட்டுப் பார்த்தேன். கதை விளையாட்டுகளை ஆடுகிறவர்களுக்காக இரண்டு இருக்கைகளில் 3060 12 ஜிபி, போட்டி விளையாட்டுகளுக்காக இரண்டில் 6600 என்று முடிவு செய்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருப்பதால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வெண்ணாறு, தஞ்சாவூர்:

2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலை) நின்ற பிறகு, அதற்குப் பயன்பட்ட கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. விசிறி ஒலியில்லாமல் சுழல்கிறதா, கால் மணி நேரம் ஓடவிட்டால் திரையில் வண்ணப் பொட்டுகள் தோன்றுகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். 6600-இல் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பநிலையையும் நினைவக வெப்பநிலையையும் மென்பொருள் காட்டும். கார்டின் சராசரி வெப்பநிலையைவிட ஹாட்ஸ்பாட் மிகவும் உயர்ந்து நின்றால் உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

3060 விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2022 இறுதியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. கோர்கள் 3584 என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்து, நொடிக்கு 360 ஜிபி என்றிருந்தது 240 ஜிபி ஆகிவிட்டது. இந்த இழையில் நாம் பேசிய வேகம் எதுவும் அந்தக் கார்டுக்குப் பொருந்தாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், கார்டைக் கடையின் கணினியில் பொருத்தச் சொல்லி, ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் விட்த் என்ற இடத்தில் 192 பிட் என்று இருப்பதைக் கண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.